எல்.ஈ.டி முகக்கவசம்: முதிரும் சருமத்துக்கு வீட்டில் ஒளி பிடிக்கும் முறை

ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பெட்டிகளில் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இப்போது ஒரு வெள்ளை முகமூடியும் வந்து சேர்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு மின்குமிழ்கள், ஒரு வயர், ஒரு ரிமோட், எறும்பு எழுத்தில் ஒரு கையேடு. ஆவி பிடிப்பது போல இதைப் போட்டுக்கொண்டு ஒளி பிடித்தால் சுருக்கம் போகும் என்று அனுப்பியவர் சொல்லியிருப்பார். ஓரளவு உண்மைதான். எவ்வளவு, எந்த ஒளியால், யாழ்ப்பாணத்து வெயிலில் திரியும் மண்ணிறத் தோலுக்கு எப்படி என்பது அந்தக் கையேட்டில் இருக்காது.

ஒளி தோலில் செய்யும் வேலை

1967 இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், சவரம் செய்த எலிகளின் தோலில் மெல்லிய சிவப்பு லேசர் ஒளி பட்டபோது முடி விரைவாக வளர்வதைக் கண்டார். ஒளியால் கலங்களைத் தூண்டும் ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளியையும் கலத்தின் இழைமணியில் உள்ள ஒரு நொதியம் உறிஞ்சுகிறது. கலத்துக்குக் கிடைக்கும் சக்தி கூடுகிறது; தோலின் உட்படையில், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை நெய்யும் கலங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 50 வயதையொட்டி முகம் திடீரென்று வாடியது போலத் தெரிவதற்கு அதுவே பெரிய காரணம்.

இதனால் கண்ணோரத்து மெல்லிய கோடுகள், தோலின் சொரசொரப்பு, மங்கிய தோற்றம் ஆகியவை மெதுவாகக் குறையலாம். தொங்கிய தாடை, மூக்கிலிருந்து வாய்வரை ஓடும் ஆழமான மடிப்பு, கண்ணுக்குக் கீழ்ப் பை இவற்றுக்கு இதில் மருந்து இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

தேவையான அலைநீளங்கள் இரண்டே. சிவப்பு 630 முதல் 660 நானோமீற்றர் வரை. செந்நிறக்கீழ் 830 முதல் 850 வரை. மற்ற நிறங்களுக்கு முதுமைச் சுருக்கத்தில் சொல்லத்தக்க சான்று இல்லை. மலிவான ஏழு நிறக் கவசங்களில் இருப்பது பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறக் குமிழ்களே. சிவப்பையும் பச்சையையும் சேர்த்து எரிய விட்டால் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் அலைநீளம் அதில் கிடையாது.

நீலத்தை அணைத்து வையுங்கள்

எங்கள் தோலுக்கு இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான வரி இதுதான். 415 நானோமீற்றர் நீல ஒளி முகப்பருக் கிருமிக்கு எதிரானது. ஆனால் மண்ணிறத் தோலில் அதே ஒளி கருமையை ஏற்படுத்தும். 2014 இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 415 நானோமீற்றர் ஒளி பட்ட இடம் கறுத்து, அந்தக் கருமை மாதக்கணக்கில் நின்றது. 630 நானோமீற்றர் சிவப்பு அப்படிக் கறுக்க வைக்கவில்லை. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்ட கையேடுகளில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் இருப்பதில்லை. கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் நீலமும் சிவப்பும் கலந்து எரியும் நிலையையும், அதாவது ஊதா நிறத்தில் தெரிவதையும், தொடக்கூடாது.

மங்குக்கு வெப்பமும் ஆகாது. சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாத அறையில் கவசத்தைப் போட்டு முகம் சிவக்க இருந்தால், சுருக்கத்தைக் குறைக்கப் போய் மங்கைக் கூட்டிக்கொள்வீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் செய்யும் சோதனைகள்

முதலில் மின்சாரம். யூ.எஸ்.பி சார்ஜரில் ஏறும் கவசம் என்றால் கவலை குறைவு. சார்ஜரில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேரே சுவரில் செருகும் பெரிய ஒளிப் பலகை கனடாவிலிருந்து வந்து, அதில் 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், எங்கள் 230 வோல்ற்றில் செருகிய கணமே அது கருகிவிடலாம். செருகி மாற்றும் அடப்டர் துளையைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. பற்றரி உள்ள கவசத்தை விமானத்தில் கொண்டுவருபவர் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. தனிப் பற்றரியும் பவர் பாங்கும் கட்டாயம் கைப்பையில்தான் வரவேண்டும்.

அடுத்தது செந்நிறக்கீழ் ஒளி உண்மையிலேயே இருக்கிறதா என்பது. ரிவி ரிமோட்டை போனின் முன் கமெராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மினுங்கினால் அந்தக் கமெராவுக்கு இந்த ஒளி தெரிகிறது என்று அர்த்தம். பின் கமெராக்கள் பலவற்றில் வடிகட்டி இருப்பதால் தெரியாமல் போகலாம். இப்போது கவசத்தைச் செந்நிறக்கீழ் நிலையில் போட்டு அதே கமெராவால் பாருங்கள். ரிமோட் தெரிந்து கவசம் தெரியவில்லை என்றால் பெட்டியில் எழுதியது பொய்.

மூன்றாவது, பலத்தைப் பற்றிய பேச்சு. விற்பனைப் பக்கங்களில் "ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்" என்று போட்டிருப்பார்கள். கணக்குப் பாருங்கள். கவசம் மூடும் பரப்பு சுமார் 400 சதுர சென்ரிமீற்றர். முகம் முழுக்க 100 மில்லிவாற் விழ 40 வாற் ஒளி வேண்டும். 5 வோல்ற், 2 அம்பியர் சார்ஜர் தருவதோ மொத்தம் 10 வாற். அதில் ஒரு துளியும் வெப்பமாகப் போகாமல் அத்தனையும் ஒளியானாலும் சராசரி 25 தான்; உண்மையில் பாதிக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். அவர்கள் காட்டும் எண் ஒரு குமிழுக்கு நேர் முன்னால் அளந்த உச்சம். இதனால் கவசம் வீண் என்று ஆகாது. பெரிய எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு சொல் விளையாட்டு நடக்கிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்.டி.ஏ இத்தகைய கருவிகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சந்தைக்கு விடலாம் என்ற அனுமதி. "எப்.டி.ஏ இல் பதிவு செய்யப்பட்டது" என்றால் அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவுமில்லை.

வளையும் சிலிக்கோன் கவசம் தோலோடு ஒட்டியிருக்கும். கடினப் பிளாஸ்ரிக் கவசத்தில் கன்னத்துக்கும் குமிழுக்கும் இடைவெளி விழும். இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் சிலிக்கோன்.

யார் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது

2019 இல் நியூட்ரோஜினா நிறுவனம் தனது முகப்பரு ஒளிக் கவசத்தைச் சந்தையிலிருந்து தானாகவே திரும்பப் பெற்றது. சில கண் நோய்கள் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிப்பு வரலாம் என்ற ஐயமே காரணம். ஆகவே விழித்திரை நோய் உள்ளவர்கள், சீனி வருத்தத்தால் கண் பாதிக்கப்பட்டவர்கள், கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் முதலில் கண் வைத்தியரைக் கேளுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு மினுங்கி எரியும் நிலை ஆபத்து. லூப்பஸ் நோயாளர்களும், தோல் புற்றுநோய் வந்தவர்களும் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம், சுருக்கம் எங்கும் ஓடிவிடாது.

குளிசைப் பையையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். டொக்சிசைக்கிளின், ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்த பிரஷர் குளிசை, அமியோடரோன், ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை தோலை ஒளிக்குக் கூச்சப்பட வைப்பவை. இவை கழியூதாக் கதிருக்கே முக்கியமாகக் கூச்சம் தரும். சிவப்புக்கு அவ்வளவாக இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை. கவசத்துக்காகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லவேண்டும். லேபல் இல்லாத டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீமைப் பூசுபவர்கள். அவற்றில் ஸ்ரீரொயிட்டோ பாதரசமோ இருப்பதுண்டு. ஸ்ரீரொயிட் தோலை மெலிய வைக்கிறது. மெலிந்த தோலில் எந்த ஒளியும் கொலாஜனை மீட்டுவிடாது. முதலில் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டி அந்தக் கிறீமிலிருந்து வெளியே வாருங்கள். திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் அதையும் அவர் சொல்படிதான் செய்யவேண்டும்.

அளவுக் கணக்கு

ஒளிக்கும் மருந்தைப் போல அளவு உண்டு. குறைந்தால் பயனில்லை. கூடினாலும் பயன் குறைகிறது; அரை மணி நேரம் போட்டால் மூன்று மடங்கு இளமை வராது. மில்லிவாற்றைச் செக்கனால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிடைத்த ஒளிச் சக்தி யூல் என்ற அலகில் வரும். 20 மில்லிவாற் கவசத்தை 10 நிமிடம், அதாவது 600 செக்கன், போட்டால் 12 யூல்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஆய்வுகள். 2007 இல் வெளியான கொரிய ஆய்வில் 76 பேருக்கு, முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும், வாரம் இரு தடவை 4 வாரம் ஒளி கொடுத்தார்கள்; ஒப்பிட ஒரு குழுவுக்குப் போலி ஒளி. அளவு 633 நானோமீற்றரில் 126 யூல், 830 இல் 66 யூல். அவை கிளினிக்கில் வைக்கும் பெரிய கருவிகள். 2023 இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 20 பெண்கள் வீட்டுக் கவசம் போன்ற ஒன்றை 630 நானோமீற்றரில், 12 நிமிடம், வாரம் இரு தடவை, 3 மாதம் போட்டார்கள். ஒரு தடவைக்கு 15.6 யூல். இரண்டிலும் சுருக்கம் குறைந்தது. இரண்டாவதில் ஒளி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் அதை முழுச் சான்றாக எடுக்க முடியாது. ஆனால் வீட்டுக் கவசத்துக்கு ஒரு நடைமுறை அளவு அதிலிருந்து கிடைக்கிறது: 10 முதல் 15 யூல் வரை, மாதக்கணக்கில்.

ஒரு இரவின் படிகள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கைக்கு முன், மின்விசிறிக்குக் கீழே செய்வதுதான் வசதி.

1. முகத்தை மென்மையான பேஸ் வோஷால் கழுவுங்கள். விபூதி, சந்தனம், பொட்டு, பவுடர், சன்ஸ்கிரீன் எல்லாம் போகவேண்டும். வெண்மையான துகள்கள் ஒளியைத் தெறிக்க வைக்கும். பொட்டின் பசை அந்த இடத்தை மறைக்கும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. அதில் சவர்க்காரம் சரியாகக் கழுவுப்படாமல் தோலில் ஒரு படையாக நிற்கும். கடைசி ஒரு கோப்பை கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீராக இருந்தால் நல்லது.

2. துவாயால் ஒற்றித் துடைத்து முற்றாகக் காயவிடுங்கள். ஆண்கள் தாடியை வழித்துவிடவேண்டும். முடிக்குக் கீழே ஒளி போகாது.

3. வெறும் முகமே போதும். தோல் மிக வரண்டிருந்தால் தெளிவான நீர்த்தன்மை கொண்ட சீரம் ஒரு துளி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நலங்கு மா, மஞ்சள், தேசிக்காய்ச் சாறு ஒன்றும் வேண்டாம். மஞ்சள் ஒளியை மறைப்பதோடு சிலிக்கோனிலும் கறையாக ஒட்டிக்கொள்ளும். தேசிக்காய்ச் சாறு பூசிய தோலில் அடுத்த நாள் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கலாம்.

4. தலைமுடியைப் பின்னால் கட்டுங்கள். எண்ணெய்த் தலை என்றால் ஒரு துணி சுற்றுங்கள், கவசத்தின் பட்டி ஊறாமல்.

5. கண் காப்பை வைத்த பின் கண்ணை மூடி, பிறகு பொத்தானை அழுத்துங்கள். செந்நிறக்கீழ் ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண்மணி சுருங்காது. கூசவில்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது. போன் பார்ப்பது, ரிவி பார்ப்பது அடுத்த 10 நிமிடத்துக்கு இல்லை.

6. சாய்ந்து இருங்கள். மல்லாந்து படுத்தால் கவசம் நெற்றியிலும் மூக்கிலும் நன்றாகப் படியும். நிமிர்ந்திருந்தால் பாரத்தில் கீழே வழுகி, கண்ணோரத்துக் கோடுகளுக்கு ஒளி விழாது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள்.

7. முடிந்ததும் மணமில்லாத கிறீம் பூசுங்கள். சுருக்கத்துக்குப் பூசும் விற்றமின் ஏ வகையான றெற்றினோல் பாவிப்பவர்கள் அதை ஒளிக்குப் பின்தான் பூசவேண்டும். எரிச்சல் வருமானால் ஒளி ஒரு இரவு, றெற்றினோல் மறு இரவு.

முதல் 12 வாரம்

தாடையின் ஓரத்தில் 5 நிமிடம் ஒளி காட்டிவிட்டு இரண்டு வாரம் அந்த இடத்தைக் கவனியுங்கள். 48 மணி நேரம் பார்த்தால் போதும் என்று கையேடு சொல்லும். சிவப்பு, எரிச்சலுக்கு அது போதும். மண்ணிறத் தோலின் கருமை பிந்தித்தான் எழும்பும்.

ஒன்றும் இல்லை என்றால் முதல் இரண்டு வாரம், வாரம் 3 நாள், 5 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து 10 நிமிடம், வாரம் 3 முதல் 5 நாள். கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் கையேட்டைப் பின்பற்றுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடுவதில் பயன் இல்லை.

நான்கு வாரத்துக்குள் தெரியும் பளபளப்பில் பெரும்பகுதி ஒழுங்காக முகம் கழுவிக் கிறீம் பூசியதால் வருவது. கோடுகளில் மாற்றம் 8 முதல் 12 வாரத்தில்தான். அதை நினைவை நம்பி மதிப்பிட முடியாது. காலை 8 மணிக்கு விறாந்தையில், நேர் வெயில் படாத ஒரே இடத்தில், பிளாஷ் இல்லாமல், அழகாக்கும் பில்டரை அணைத்து, முன்னாலும் இரு பக்கமும் படம் எடுங்கள். தொடங்கும் நாள், 4, 8, 12 ஆம் வாரம். பன்னிரண்டாம் வாரப் படத்தில் மற்றவருக்கும் வித்தியாசம் தெரிந்தால் வாரம் 2 நாளாகக் குறைத்துத் தொடருங்கள். தெரியவில்லை என்றால் நேர்மையாக நிறுத்திவிடலாம்.

பகல் வெயில்

யாழ்ப்பாணத்தில் சூரியன் வருடத்தின் பெரும்பகுதியும் தலைக்கு மேலேதான். கொலாஜனை உடைப்பதில் கழியூதாக் கதிருக்கு நிகர் இல்லை. வாகனத்தின் கண்ணாடிக்குள்ளாலும் அதில் ஒரு பங்கு நுழையும். பகலில் மோட்டார் சைக்கிளில் வெறும் முகத்தோடு சந்தைக்குப் போய்வந்து இரவில் 10 நிமிடம் ஒளி பிடிப்பது, துலாவில் ஓட்டை வாளி கட்டி இறைக்கிற கதை.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எப் 30 அல்லது அதற்கு மேல்; முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டு விரலும் நடு விரலும் நிறைய இரண்டு கோடு. வெளியே நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்டதை எடுக்கவேண்டும். வெயிலின் நீல ஒளியை அதுதான் தடுக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியில் நிற்பவர்களுக்கு குடையும் சேலைத் தலைப்பும் கூடுதல் காப்பு.

காசு மட்டு என்றால் ஒழுங்கு இது: முதலில் சன்ஸ்கிரீன், பிறகு வைத்தியர் சொல்லும் றெற்றினோயிட் கிறீம் (றெற்றினோலும் இந்த வகைதான்), மிச்சம் இருந்தால் கவசம். றெற்றினோயிட்டுக்கு இருக்கும் சான்று கவசத்துக்கு இருப்பதைவிட வலுவானது. அதைக் கர்ப்பிணிகள் பூசக்கூடாது.

பிழைத்துப்போகும் இடங்கள்

கன்னம் கறுக்கிறது: உடனே நிறுத்துங்கள். நீலம் எரிந்ததா, அறை புழுங்கியதா, பகலில் சன்ஸ்கிரீன் விடுபட்டதா என்று பாருங்கள். கருமை மங்கிய பின்னும் மறுபடி தொடங்குமுன் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தலையிடி வருகிறது: பட்டி இறுக்கமாக இருக்கலாம், அல்லது ஒளி துடிக்கும் நிலையில் இருக்கலாம். தொடர்ந்து எரியும் நிலைக்கு மாற்றி, ஈரத் துணியைக் கண் காப்புக்கு மேல் வையுங்கள்.

சின்னப் பருக்கள் எழும்புகின்றன: பெரும்பாலும் கவசத்தின் உட்புறத்தில் வேர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும். ஒரே கவசத்தை வீட்டில் நாலு பேர் போட்டாலும் இதுதான் நடக்கும்.

கண்ணில் ஒளிப்புள்ளி மறையாமல் நிற்கிறது, அல்லது பார்வை மங்குகிறது: அன்றே கண் வைத்தியரிடம் போங்கள்.

மூன்று மாதமாகியும் ஒன்றுமில்லை: கண்ணாடி முன் நின்று குமிழ்களை எண்ணிப் பாருங்கள், ஒரு வரிசை செத்திருக்கலாம். பற்றரி இறங்க இறங்க மங்கும் கவசங்களும் உண்டு. நிறையச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பாவியுங்கள்.

துடைப்பதும் வைப்பதும்

ஒவ்வொரு தடவையும் ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைப் படை குமிழுக்கு மேலும் படியும். ஆகவே கிணற்று நீரை நேரே பாவிக்காமல் கொதிக்க வைத்து ஆற, மேலே தெளிந்ததை எடுங்கள். கடினப் பிளாஸ்ரிக்கில் ஸ்பிரிட்டும் வாசனைத் திரவமும் பட்டால் காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும். தண்ணீருக்குள் அமிழ்த்தக்கூடாது. நிழலில் காயவிடுங்கள்.

கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக் காற்று யூ.எஸ்.பி துளையைப் பச்சை பிடிக்க வைக்கும். மாரியில் ஈரம் வேறு. பாதணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் போதும். மடித்து வைக்காதீர்கள்; சிலிக்கோனுக்குள் ஓடும் வயர் முதலில் அறுவது மூக்கு மடிப்பில்தான். பற்றரி உப்பிக்கொண்டால் சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், வீட்டுக் குப்பையோடு எரிக்காமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.